வாயைத் திறக்க மாட்டேங்கிறானே, டாக்டர்!

பல் நலம்: வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறனாளிகளின் பல் பிரச்சினைகள் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன், கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பலவும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கின்றன. அதையே தலைப்பாக வைத்துவிட்டேன். நான் குன்னூரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். போர்டில்தான் குழந்தைகள், வியாழக்கிழமை மதியம் என் நாற்காலியில் உட்காருபவர்களில் நாற்பது வயதுக்காரர்களும் உண்டு. அது ஏன் என்பதை இரண்டாவது பதிலில் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. கொஞ்ச நாளாக இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். ஒரு பக்கமாகவே மெல்லுகிறான். சின்ன வயதில் ஒரு பல் டாக்டரிடம் நாலு பேர் கை காலைப் பிடித்து அமுக்கிப் பல் எடுத்தார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஓடுகிறான். எப்படிக் கூட்டிப்போவது?
– ஒரு அம்மா, அருவங்காடு

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தாலே பல் வலியாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பேசாத ஒருவர் கன்னத்தில் அறைவது, ஒரு பக்கமாக மெல்லுவது, ராத்திரி எழுந்து உலாத்துவது, ஸ்வெட்டர் காலரைக் கடித்துக் கிழிப்பது, சில்லென்ற தண்ணீரைத் தள்ளிவிடுவது எல்லாமே ‘ஆட்டிசம்னா அப்படித்தான்’ என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. புதிதாக ஒரு பழக்கம் வந்தால் வாய், காது, வயிறு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

உங்கள் முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. இப்போது இருக்கும் வலியைத் தீர்ப்பது ஒன்று. டாக்டர் பயத்தைக் கரைப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதால்தான் நாலு பேர் அமுக்க வேண்டிவருகிறது.

முதலில் வலி. அவர் கொட்டாவி விடும்போதோ சிரிக்கும்போதோ போனில் வீடியோ எடுங்கள். கடைவாய்ப் பல்லில் கறுப்போ, ஈறில் கொப்புளமோ தெரிந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய உதவி. கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கண்ணுக்குக் கீழேயோ தாடைக்கு அடியிலோ பரவினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ என் பதிலுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சொத்தைக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் வீக்கம் வடியும், காரணம் அப்படியே இருக்கும், திரும்ப வரும்.

வலி இருப்பது உறுதி, அவரோ யாரையும் அருகில் விடவில்லை என்றால், முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் சரிசெய்வதுதான் நியாயமான வழி. அதைக் கடைசி ஆயுதம் மாதிரி நினைத்துப் பயப்படாதீர்கள். எதற்கெடுத்தாலும் மயக்கம் என்று ஓடவும் வேண்டாம். அதற்கான வசதி கோவையில் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே பார்த்து ரத்தப் பரிசோதனை, இசிஜி எடுக்கச் சொல்வார். தூங்கிய பிறகுதான் எக்ஸ்ரே எடுக்க முடியும் என்பதால் எத்தனை பல் அடைக்க வேண்டும், எத்தனை எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்ல இயலாது. எந்த அளவுக்குச் சம்மதம் என்பதை முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ரத்தம் எடுக்க விடாதவர், காதில் அழுக்கு எடுக்க விடாதவர், நகம் வெட்ட விடாதவர் என்றால் அந்த வேலைகளையும் அதே மயக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, பால், பால் டீ எதுவும் கூடாது. தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பொதுவாகக் கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் இறங்கினால் அவர் பாதி வழியிலேயே உங்களை ஒரு வழி பண்ணிவிடுவார். முதல் நாளே கீழே போய்த் தங்குங்கள், காலையில் முதல் ஆளாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: அவருக்கு 18 தாண்டிவிட்டது. அம்மா கையெழுத்து போதாது, சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வேண்டும் என்று சில ஆஸ்பத்திரிகளில் கேட்பார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் இருக்கும் குழு அதைக் கொடுக்கிறது. ஊட்டியில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, அவசரம் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே தூக்க சிரப் கொடுத்துக் கூட்டிவரும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எவ்வளவு மயங்குவார், மூச்சு எப்படி இருக்கும் என்பதைக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து கண்காணிக்க முடியாது. மூக்கு வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு பற்றியும் சிலர் எழுதியிருந்தீர்கள். லேசான பயம் உள்ளவர்களுக்கு நல்ல முறைதான். ஆனால் முகமூடியை மூக்கில் வைத்து அமைதியாக மூச்சு விட வேண்டும். உங்கள் மகன் அதற்கே விடமாட்டார். போதாக்குறைக்கு மலையில் காற்றழுத்தம் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே ஒருவரை நிதானப்படுத்தும் அதே கலவை இங்கே அந்த அளவுக்கு வேலை செய்யாது.

வலி தீர்ந்த பிறகு பயத்துக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். வியாழன் மதியம் வேறு யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. கோட்டு போடமாட்டேன், கம்ப்ரெசரை ஓடவிடமாட்டேன், லைட் கண்ணில் படாமல் திருப்பி வைப்பேன். முதல் தடவை வாசல் வரைக்கும் வந்தாலே போதும், டாட்டா சொல்லி அனுப்பிவிடுவேன். அடுத்தது நாற்காலியைச் சுற்றி வருவது. அப்புறம்தான் உட்காருவது. ஒரு இளைஞர் இருக்கிறார். வாய் பார்க்கும் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தன் ஸ்வெட்டர் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அதால் தட்டுவார். பொத்தான் முடிந்ததும் நான் என் உதட்டைத் தட்டிக் காட்டினேன். அவரும் தன் உதட்டைத் தட்டினார். உதட்டிலிருந்து முன்பல்லுக்குப் போக இன்னும் சில வியாழக்கிழமைகள் ஆயின.

பல்லைத் தொட ஆரம்பித்த பிறகு ஒரே விதிதான். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவேன், பத்தில் கையை எடுத்துவிடுவேன். வேலை பாதியில் நின்றாலும் சரி, எடுத்துவிடுவேன். அந்தப் பத்தை நான் ஒரு தடவை மீறினால் அத்தனை மாத உழைப்பும் போச்சு. சொல்லிக் காட்டிச் செய்வது என்ற இந்த முறை எங்கள் பாடப் புத்தகத்தில் 1959-லிருந்தே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது நேரம். அதை நாம்தான் ஒதுக்க வேண்டும்.

கை காலைப் பிடித்து அமுக்குவதைப் பற்றி என் கருத்து: ஊசி முனையோடு கை தட்டிவிடாமல் இருக்க ஒரு நொடி அம்மா கையைப் பிடிப்பது வேறு. நாலு பேர் ஏறி உட்காருவது வேறு. இரண்டாவது வகையில் எடுத்த ஒரு பல்லுக்காக உங்கள் மகன் இத்தனை வருடம் பல் டாக்டர் பக்கமே போகவில்லை.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கு என்றே தனியாகப் பல் மருத்துவப் படிப்பு உண்டா? என் அண்ணனுக்கு 28 வயது, மனவளர்ச்சிக் குறைபாடு. பெரியவர்களுக்கான டாக்டர் ‘குழந்தை டாக்டரிடம் போங்க’ என்கிறார். குழந்தை டாக்டர் வயதைக் கேட்டுவிட்டு முழிக்கிறார்.
– வெலிங்டன்

பதில்: உண்டு, ஆனால் இங்கே இல்லை. இங்கிலாந்தில் 2008 முதல் இதைத் தனிச் சிறப்புத் துறையாகவே பதிவு செய்கிறார்கள். அதில் வருகிறவர்கள் பெரியவர்கள்: மனவளர்ச்சிக் குறைபாடு, மனநோய், பக்கவாதம், நடுக்கம், கடும் பயம், உடம்பில் பல நோய் சேர்ந்தவர்கள். நம் நாட்டில் மேற்படிப்பு என்று பார்த்தால், குழந்தைப் பல் மருத்துவத்தில்தான் சிறப்புக் குழந்தைகளைக் கையாளும் பயிற்சி முறையாக இருக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு எங்கே போவது என்பதற்குப் பதில் இல்லை. அதனால்தான் எங்களைப் போன்றவர்களிடம் மீசை வைத்த ‘குழந்தைகள்’ வருகிறார்கள். முழிக்கிற டாக்டரிடம் வயதைச் சொல்வதற்கு முன் அண்ணனின் மருந்துச் சீட்டு, அவருக்குப் பிடிக்காத சத்தம், அவரைச் சமாதானப்படுத்தும் பொருள் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். தயங்கும் டாக்டர்களுக்குப் பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாத பயம்தான். நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. கோவையில் இருக்கும் கல்லூரிகளில் குழந்தைப் பல் துறைக்கு நேராகப் போய்க் கேட்கலாம். 28 வயது என்பதற்காகத் திருப்பி அனுப்பினால் சண்டை போடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 8 வயது, மூளை முடக்குவாதம். பிரஷ்ஷை வைத்தாலே கடித்துப் பிடித்துக்கொள்கிறாள், விடுவதில்லை. எச்சில் ஒழுகுகிறது. வர்க்கியை (எங்கள் பக்கத்து மொறுமொறு பேக்கரிப் பண்டம்) டீயில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. முன்பல் நாலும் கறுத்துவிட்டது. எல்லாம் பால் பல்தானே, விட்டுவிடலாமா?
– மஞ்சூர்

பதில்: 8 வயதில் முன்பல் நாலும் பெரும்பாலும் நிரந்தரப் பல்லாகத்தான் இருக்கும். 6 வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லும் நிரந்தரமானது. எனவே விட்டுவிட வேண்டாம், சீக்கிரம் காட்டுங்கள்.

கடிப்பது பிடிவாதம் அல்ல. முன்பல்லையோ ஈறையோ தொட்டதும் தாடை தானாக மூடிக்கொள்ளும் அனிச்சை அது, அவள் நினைத்தாலும் விட முடியாது. நீங்கள் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். இழுக்காமல், ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் உள்பக்கமாக விட்டு, கடைசிப் பல்லின் பின்னால் இருக்கும் காலி இடம் வரை கொண்டுபோய் ஈறை மெதுவாக அழுத்துங்கள். தாடை தளரும். விரலைப் பல்லுக்கு நடுவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பழைய பிரஷ் ஒன்றின் கைப்பிடியில் துணியைத் தடியாகச் சுற்றி ஒரு பக்கக் கடைவாயில் கடிக்கக் கொடுத்துவிட்டு, மறு பக்கத்தைத் தேய்க்கலாம். அப்புறம் பக்கம் மாற்றுங்கள்.

எங்கே தேய்ப்பது என்பது எப்படித் தேய்ப்பது என்பதைவிட முக்கியம். பாத்ரூமில் வாஷ்பேசின் முன்னால் நிறுத்தாதீர்கள். ஹாலில் நீங்கள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அவளை உங்கள் மடியில் சாய்த்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். கால் மடங்கியிருந்தால் உடம்பு விறைப்பது குறையும். தலையைப் பின்னால் தொங்கவிடாதீர்கள், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகும். லேசாக முன்னால் குனிந்தபடி, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மஞ்சூர்க் குளிரில் குழாய்த் தண்ணீர் பட்டால் எனக்கே தாடை இறுகும்.

பேஸ்ட் பட்டாணி அளவு. டப்பாவில் ஃப்ளூரைடு 1,000 பிபிஎம் அளவில் இருக்கிறதா பாருங்கள். நுரை வந்தால் திணறுகிறாள் என்றால் நுரைக்காத பேஸ்ட் கடையில் கிடைக்கிறது. கொப்பளித்துத் துப்பத் தெரியாவிட்டால் கவலை இல்லை, ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. வலிப்பு மருந்து சிரப்பாக இருந்தால் அதில் சர்க்கரை இருக்கலாம், அதையும் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சர்க்கரை இல்லாத சிரப்போ மாத்திரையோ மாற்ற முடியுமா என்று நரம்பு டாக்டரிடம் கேளுங்கள்.

வர்க்கி விஷயம். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் இனிப்பு டீயில் ஊறிய வர்க்கி, நாக்கைச் சுழற்றித் துடைக்க முடியாத வாயில் களிமண் மாதிரி அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். ஒருநாளும் கொடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், அதுவும் இல்லாமல் அவள் எதைத்தான் ருசிப்பாள். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள், நடுநடுவே வேண்டாம். கொடுத்த பிறகு விரலில் துணி சுற்றிக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு துடை. இதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளூரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். சின்ன பிரஷ்ஷால் தடவும் வேலை, ஊசி கிடையாது, மிஷின் கிடையாது, ஒரு நிமிடம் வாய் திறந்தால் போதும். ஆரம்பச் சொத்தையை அப்படியே நிறுத்தி வைக்க வெள்ளி கலந்த ஒரு ஃப்ளூரைடு மருந்தும் இருக்கிறது. சொத்தைப் பட்ட இடம் நிரந்தரமாகக் கன்னங்கரேலென்று ஆகிவிடும் என்பதால், முன்பல்லில் போடுவதற்கு முன் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள்.

கோவைக்கு இறங்கும்போது கெத்தை வளைவுகளில் வாந்தி எடுத்தால் வாயைத் தண்ணீரால் துடையுங்கள், உடனே பிரஷ் போடாதீர்கள். வயிற்று அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் இன்னும் தேயும். அரை மணி நேரம் போகட்டும். பயணம் இல்லாத நாளிலும் அடிக்கடி எதுக்களிக்கிறாள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பல்லின் உட்புறம் வழவழவென்று தேய்ந்துபோக அது ஒரு காரணம்.

கேள்வி: என் தம்பிக்குச் சிக்கிள் செல் நோய். கடைவாய்ப் பல் எடுக்கப் போனால், ரத்த நோய் டாக்டரிடம் கடிதம் வாங்கி வா என்கிறார்கள். பல் எடுக்க எதற்கு அது? தட்டிக்கழிக்கிறார்களா?
– கூடலூர்

பதில்: இந்தத் தடவை பல் டாக்டர் பக்கம்தான் நிற்கிறேன். நோய்த்தொற்று, உடம்பில் தண்ணீர் வற்றுவது, குளிர், பதற்றம், ஆக்ஸிஜன் குறைவது இவையெல்லாம் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ளவருக்குக் கடும் வலி வரத் தூண்டக்கூடியவை. பல்லில் சீழ் வைத்திருப்பதே ஒரு தொற்று. இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வெள்ளை அணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைந்திருக்கலாம், ரத்தம் பார்த்துவிட்டுத்தான் பல்லில் கை வைக்க வேண்டும். கடிதத்தில் கேட்க வேண்டியவை: கடைசி ரத்த எண்ணிக்கை, ஆன்டிபயாடிக் தேவையா, வலி மாத்திரை எது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை சிக்கிள் செல் நோயாளிகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறது. அங்கே பதிவு இருந்தால் கடிதம் வாங்குவது சுலபம்.

எடுக்கும் நாளில் காலை நேரமாக வாங்குங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், பட்டினி போடாதீர்கள். மரத்துப்போகும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. கூடலூரிலேயே முடியுமானால் அங்கேயே எடுங்கள். உறைபனி காலத்தில் விடியற்காலைப் பஸ் ஏறி, ஊட்டிக் குளிரில் டோக்கன் வரிசையில் நிற்பது இவருக்கு ஆகாது. போயே தீர வேண்டும் என்றால் கம்பளி, குல்லா, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் எல்லாம் வேண்டும். முழு மயக்கத்தைக் கூடுமானவரை தவிர்ப்போம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். சொத்தையே இல்லாத பல்லிலும் தாடையிலும் இந்த நோயாலேயே வலி வரும். எக்ஸ்ரே எடுக்காமல், ‘வலிக்கிறது என்கிறானே’ என்று நல்ல பல்லைப் பிடுங்கிவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் சிக்கிள் செல், தலசீமியா, ஹீமோபிலியா மூன்றும் வருகின்றன. தம்பிக்கு அடையாள அட்டை எடுக்க விண்ணப்பித்தீர்களா? ஹீமோபிலியா உள்ளவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையாது, உறைய வைக்கும் ‘ஃபேக்டர்’ மருந்தை ஏற்றாமல் தாடை நரம்புக்கு ஊசி போடுவதே ஆபத்து.

கேள்வி: தங்கைக்கு 34 வயது, டவுன் சிண்ட்ரோம். ஒரு பல்கூடச் சொத்தை இல்லை, ஆனால் கீழ்ப்பல் எல்லாம் ஆடுகிறது. ‘இவங்களுக்கு எதுக்கு மெனக்கெட்டுக்கிட்டு, மொத்தமா எடுத்துட்டு செட் கட்டிடலாம்’ என்று ஒருவர் சொன்னார். பிறந்தபோது இதயத்தில் ஓட்டை இருந்து ஆபரேஷன் ஆனது.
– குன்னூர்

பதில்: ‘இவங்களுக்கு எதுக்கு’ என்ற அந்த வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்கலாம்.

டவுன் சிண்ட்ரோமில் சொத்தை குறைவாக இருப்பதும் ஈறு நோய் சின்ன வயதிலேயே வேகமாக வருவதும் சகஜம். கிருமியை எதிர்க்கும் சக்தியில் குறை, பல் வேர்கள் குட்டை, வாய் வழியாக மூச்சுவிடுவதால் ஈறு காய்வது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சொத்தை இல்லாததால் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை, ஆட ஆரம்பித்த பிறகுதான் கவனிக்கிறார்கள். ஆடுகிற அளவைப் பொறுத்துச் சில பல்லைக் காப்பாற்றலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து, தினமும் ராத்திரி அவர் தேய்த்து முடித்ததும் நீங்கள் ஒரு தடவை தேய்த்துவிட்டால், இருக்கும் பற்களை இன்னும் பல வருடம் ஓட்டிவிடலாம். தானே தேய்ப்பேன் என்று அடம்பிடிப்பார். பிடிக்கட்டும், முதல் முறை அவருடையது, இரண்டாவது உங்களுடையது.

பல் செட்டு அவருக்கு நிற்பது கஷ்டம். நாக்கு பெரிதாகத் தெரியும், தசை தளர்ச்சி இருக்கும், செட்டு துள்ளி விழும். பிடுங்கியே ஆக வேண்டிய பல்லை மட்டும் எடுத்துவிட்டு, இடைவெளியை அப்படியே விட்டாலும் அவர் நன்றாகச் சாப்பிடுவார். பத்துப் பல்லை வைத்துக்கொண்டு வறுத்த வேர்க்கடலை தின்பவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

இதய விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஓட்டை முழுதாக மூடி, கசிவு எதுவும் இல்லை என்றால் பொதுவாக முன்கூட்டி ஆன்டிபயாடிக் தேவைப்படாது. கசிவு மிச்சம் இருந்தாலோ செயற்கை வால்வு இருந்தாலோ, ரத்தம் வரக்கூடிய பல் வேலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் கொடுப்பது வழக்கம். அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு இருக்கிறது. பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து இதய டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். நாற்காலியில் படுக்கவைக்கும்போது கழுத்தைப் பின்னால் வெடுக்கென்று வளைக்க வேண்டாம் என்றும் பல் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாக இருக்காது.

கேள்வி: வலிப்புக்கு எப்டாயின் சாப்பிடும் என் மகனுக்கு ஈறு வளர்ந்து பாதிப் பல்லை மூடிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
– கோத்தகிரி

பதில்: கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். எப்டாயினில் இருக்கும் மருந்து ஃபெனிடோயின், அதைச் சாப்பிடும் பலருக்கு இப்படி ஈறு வளரும். அழுக்கு சேரச் சேர இன்னும் வளரும். நன்றாகச் சுத்தம் செய்தாலே ஓரளவு வடியும், மிச்சத்தை மரத்துப்போகச் செய்து வெட்டி எடுக்கலாம். மருந்தை மாற்ற முடியுமா என்பது நரம்பு டாக்டர் சொல்ல வேண்டியது. மாற்றாமல் வெட்டினால் மறுபடி வளர வாய்ப்பு உண்டு. வேல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சாப்பிடுகிறார் என்றால் வெட்டும் முன் தட்டணுக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்கள் ஊரில் பல் கிளினிக் எல்லாம் மாடியில். ஒருவர் ‘தூக்கிட்டு வாங்க’ என்றார். சட்டம் எதுவும் இல்லையா? செலவுக்கு ஏதாவது உதவி?
– குன்னூர்

பதில்: குன்னூரில் தரைத்தளம் என்பதே ஒரு கற்பனை. ரோட்டுப் பக்கம் தரைத்தளமாக இருப்பது பின்பக்கம் மூன்றாவது மாடி. இருந்தாலும் ‘தூக்கிட்டு வாங்க’ என்பது பதிலாகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையில்லாமல் போக வழி வேண்டும் என்கிறது. பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை என்றும் சொல்கிறது. வரிசையில் நிற்கும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டி இதைச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

பல் நாற்காலிக்கு மாறியே ஆக வேண்டும் என்றும் இல்லை. சக்கர நாற்காலியைச் சுவரோரம் வைத்து, பிரேக் போட்டு, தலைக்குப் பின்னால் திண்டு கொடுத்தால் சுத்தம் செய்வது, அடைப்பது, பல் எடுப்பது எல்லாம் அதிலேயே முடியும். முதுகு வலிப்பது எனக்குத்தான். போன் பண்ணும்போதே ‘படி எத்தனை, கதவு அகலம் எவ்வளவு, நாற்காலியிலேயே வைத்துப் பார்ப்பீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே டாக்டர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

செலவுக்கு: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீடு இருக்கிறது. 1 லட்சம் ரூபாய் வரை. வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவும், சொத்தை வராமல் தடுக்கும் பல் சிகிச்சையும் அதில் அடங்கும். உங்களுக்கு முதுகுத்தண்டு பாதிப்பு மட்டும் என்றால் அது பொருந்தாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம், படுக்கையில் இருக்கிறார். பல் செட்டு கழன்று விழுகிறது. வாயில் நாற்றம் தாங்கவில்லை. ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார்.
– கொடைக்கானல்

பதில்: பலவீனமான பக்கத்துக் கன்னத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள், மத்தியானச் சோறு அங்கேயே இருக்கும். உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் துணியால் துடைத்து எடுங்கள். அப்படியே விட்டால் நாற்றம் மட்டும் இல்லை, கிருமியோடு எச்சில் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். வாயைச் சுத்தம் செய்யும்போது தலைப்பக்கம் உயர்த்தி, நல்ல பக்கமாக ஒருக்களித்து வையுங்கள். செட்டை ராத்திரி கழற்றிவிடுங்கள், சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அண்ணத்தில் சிவப்பாகவோ வெள்ளைப் படலமாகவோ தெரிந்தால் அது பூஞ்சை, அதற்குத் தனி மருந்து உண்டு. தசை இழுத்துக்கொண்டதால் செட்டு பொருந்தாமல் போயிருக்கும். உள்பக்கம் பூசிச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் இல்லாமலே குழைத்த சாதம் கொடுங்கள். பல் எடுக்க வேண்டியிருந்தால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தக் கசிவைப் பஞ்சும் தையலும் வைத்து நிறுத்திவிடலாம், இன்னொரு பக்கவாதத்தை அப்படி நிறுத்த முடியாது.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் வயதையும், சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்னது’ என்று இந்த முறையும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.